பிள்ளைக்கு ஏற்ற நேரம், பிள்ளைக்கு ஏற்ற பாடம்

நீங்கள் எழுத்துக் கற்றது எந்த நேரத்தில்? பலர் இரவில்தான் கற்றிருப்பீர்கள். பகலில் வயல் வேலை அல்லது கட்டட வேலை. மாலையில் அடுப்பு வேலை. எல்லாம் முடிந்த பிறகுதான் வகுப்பு. சில ஊர்களில் மரத்தடியில் வகுப்பு நடந்தது. சில ஊர்களில் திண்ணையில் நடந்தது. அறுவடைக் காலம் வந்தால் வகுப்பு நேரத்தை மாற்றிக்கொண்டார்கள்.

காலை பத்து மணிக்கு வாருங்கள் என்று சொல்லியிருந்தால் உங்களால் வந்திருக்க முடியுமா? முடியாது. உங்களுக்கு ஏற்ற நேரத்தில் வகுப்பு நடந்தது. அதனால் படிக்க முடிந்தது.

சிறு பிள்ளைகளுக்கும் இப்படித்தான். அவர்களுக்கும் ஏற்ற நேரம் உண்டு. ஏற்ற அளவு உண்டு. அது பெரியவர்களின் நேரம் போல இருக்காது. மூன்று வயது முதல் எட்டு வயது வரை உள்ள பிள்ளைக்கு வீட்டில் எப்போது சொல்லிக் கொடுப்பது? எவ்வளவு நேரம்? பிள்ளைக்கு ஒத்து வரவில்லை என்றால் எப்படி மாற்றுவது? இதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

வீட்டில் ஏன் சொல்லிக் கொடுக்க வேண்டும்?

பிள்ளை முதலில் கற்கும் இடம் வீடுதான். பேச்சு, எண்ணிக்கை, நிறம், உறவுமுறை எல்லாம் அங்கேதான் தொடங்குகின்றன.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா நோயால் நாடு முழுவதும் பள்ளிகள் மூடப்பட்டன. சின்ன வகுப்புப் பிள்ளைகள் பல மாநிலங்களில் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் பள்ளிக்குப் போக முடியவில்லை. எழுத்தை மறந்த பிள்ளைகள் பலர். அப்போது எத்தனையோ வீடுகளில் அம்மாவும் பாட்டியும் அண்ணனும் அக்காவும் ஆசிரியராக இருந்தார்கள்.

இப்போது பள்ளிகள் நடக்கின்றன. ஆனாலும் வீட்டுப் பாடத்துக்கு வேலை இருக்கிறது. பள்ளிக்குப் போகும் வயது வராத பிள்ளை வீட்டில் இருக்கிறது. கோடை விடுமுறை வருகிறது. பிள்ளைக்கு அம்மை போட்டால் பல நாள் வீட்டில் இருக்க வேண்டும். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாதங்களில் பிள்ளையின் படிப்பு வீட்டார் கையில்தான் இருக்கிறது.

"எனக்கே இப்போதுதான் நாலு எழுத்துத் தெரியும். நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்?" என்று நீங்கள் கேட்கலாம். பயப்பட வேண்டாம். சின்னப் பிள்ளைக்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. பேச்சும் கதையும் விளையாட்டும் பொறுமையும் வேண்டும். அவை உங்களிடம் இருக்கின்றன.

அவசரம் எங்கிருந்து வருகிறது?

படிக்க வாய்ப்பில்லாமல் போனவர்களுக்கு ஒரு வலி உண்டு. பேருந்தில் போர்டு படிக்கத் தெரியாமல் நின்றிருப்போம். கைநாட்டு வைத்திருப்போம். நம் பிள்ளைக்கு இந்த நிலை வரக் கூடாது என்று நினைக்கிறோம். அது நல்ல நினைப்பு.

ஆனால் அந்த நினைப்பே அவசரமாக மாறிவிடுகிறது. மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பல்பத்தைக் கொடுக்கிறோம். ஒரு மணி நேரம் உட்கார் என்கிறோம். பிள்ளை எழுந்து ஓடுகிறது. கோபம் வருகிறது. திட்டுகிறோம். சில நேரம் கையும் நீண்டுவிடுகிறது. பிறகு சிலேட்டை எடுத்தாலே பிள்ளை கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது.

யாருக்கு இதில் நட்டம்? எழுத்தின் மேல் பிள்ளைக்கு வெறுப்பு வந்துவிடுகிறது. எழுத்தை மறந்தால் மறுபடி சொல்லிக் கொடுக்கலாம். வெறுப்பு வந்துவிட்டால் அதைப் போக்குவது கடினம்.

ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம்

ஒரு வீடு. அப்பா கட்டட வேலைக்குப் போகிறார். அம்மா பகலில் கூலி வேலைக்குப் போகிறாள். வீட்டில் பாட்டி இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள். மகளுக்கு ஏழு வயது. மகனுக்கு நாலு வயது.

அம்மா ஒரு முடிவு செய்தாள். தினமும் இரவு ஏழு மணி முதல் எட்டரை வரை படிப்பு. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார வேண்டும். எழுத வேண்டும். ஒப்பிக்க வேண்டும்.

முதல் நாள் மகன் பத்து நிமிடம் உட்கார்ந்தான். பிறகு அக்காவின் நோட்டைக் கிழித்தான். இரண்டாம் நாள் அழுதான். மூன்றாம் நாள் சிலேட்டின் மேலேயே தூங்கிவிட்டான். மகள் கொட்டாவி விட்டாள். தெரிந்த சொல்லையும் தப்பாகப் படித்தாள். அம்மாவுக்கு ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது.

"படின்னா படிக்க மாட்டேங்கிறான் அத்தை. நான் என்ன பண்றது?"

"நீ எப்ப உட்கார வைக்கிறே? அவனுக்குக் கண்ணு சொருகுற நேரத்துல உட்கார வைக்கிறே. காலையில எழுந்ததும் என்ன பேச்சுப் பேசுறான் பாரு. அப்ப அவன்கூடப் பேச ஆள் இல்லை."

"காலையில எனக்கு ஏது நேரம் அத்தை? சமைக்கணும். வேலைக்கு ஓடணும்."

"நீ சமைச்சுக்கிட்டே பேசேன். வாய்க்கு என்ன வேலை?"

அம்மா யோசித்தாள். ஒரு வாரம் பாடத்தை நிறுத்தினாள். பிள்ளைகளைக் கவனித்தாள். மகன் காலையில் சுறுசுறுப்பாக இருந்தான். மதியம் தூங்கினான். மாலையில் ஓடி விளையாடினான். விளக்கு வைத்த பிறகு சோர்ந்து போனான். மகள் பள்ளி விட்டு வந்ததும் பசியோடு இருந்தாள். சாப்பிட்டு, கொஞ்ச நேரம் விளையாடிய பிறகு முகம் தெளிந்தது.

பிறகு அம்மா நேரத்தை மாற்றினாள். மகனுக்குக் காலையில், சமையல் நடக்கும்போது பேச்சும் எண்ணிக்கையும். பகலில் பாட்டியோடு விளையாட்டு. மகளுக்கு விளையாடி வந்த பிறகு இருபது நிமிடம் படிப்பு. இரவில் படுக்கையில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கதை.

படிப்பு நேரம் பாதிக்கும் கீழே குறைந்தது. அழுகை நின்றது. மகன் தானே வந்து, "அம்மா, வெங்காயம் எண்ணட்டுமா?" என்று கேட்டான்.

இந்த வீட்டில் நடந்தது பெரிய வித்தை இல்லை. முதலில் கவனித்தார்கள். பிறகு மாற்றினார்கள்.

சிறு பிள்ளையின் உடம்பு

மாற்றுவதற்கு முன் பிள்ளையின் உடம்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தூக்கம். மூன்று, நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். பகல் தூக்கமும் இதில் சேரும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இப்படிச் சொல்லியிருக்கிறது. தூக்கத்தைக் கெடுத்துச் சொல்லிக் கொடுக்கும் பாடம் தங்காது.

ஓட்டம். இதே வயதுப் பிள்ளை ஒரு நாளில் மூன்று மணி நேரமாவது ஓடி ஆடி இருக்க வேண்டும் என்றும் அந்த நிறுவனம் சொல்கிறது. ஒரே மூச்சில் அல்ல. நாள் முழுவதும் விட்டு விட்டு. பிள்ளை ஓடுவது குறும்பு அல்ல. அதன் உடம்பு கேட்கிறது.

பசி. வயிறு சின்னது. அடிக்கடி பசிக்கும். பசித்த பிள்ளை பாடம் கேட்காது. முதலில் ஒரு வாழைப்பழமோ கொஞ்சம் பொரியோ கடலையோ கொடுங்கள். பிறகு பேசுங்கள். மிகச் சிறிய பிள்ளைக்குக் கடலையை முழுதாகக் கொடுக்காதீர்கள். தொண்டையில் அடைக்கும்.

விரல். எழுதுவதற்கு விரலில் பலம் வேண்டும். நாலு வயதில் அந்தப் பலம் முழுதாக வருவதில்லை. அதனால்தான் பிள்ளை பல்பத்தை முழுக் கையால் பிடிக்கிறது. கோடு கோணலாகிறது. மாவு பிசைவது, அவரைக்காய் உரிப்பது, களிமண் உருட்டுவது, பூக்கட்ட நாரைக் கிழிப்பது எல்லாம் விரலுக்குப் பயிற்சி. எழுத்துக்கு முன்னால் இவைதான் பாடம்.

கவனம். சிறு பிள்ளையை நாம் சொல்லும் ஒரே வேலையில் அதிக நேரம் நிறுத்த முடியாது. நாலு வயதுக்கு ஐந்து, பத்து நிமிடம் போதும். ஏழு வயதுக்குப் பதினைந்து, இருபது நிமிடம் போதும். ஆனால் தானாக விருப்பப்பட்டு மண்ணில் வீடு கட்டினால் அரை மணி நேரம்கூட இருக்கும். அப்போது கூப்பிடாதீர்கள். அதுவும் படிப்புத்தான்.

இந்த வயதை வீணாக்கவும் கூடாது. மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. அதே கொள்கை இந்த வயதுக்கு விளையாட்டு வழிக் கல்விதான் வேண்டும் என்றும் சொல்கிறது. சீக்கிரம் தொடங்க வேண்டும். ஆனால் விளையாட்டில் தொடங்க வேண்டும்.

முற்றத்துக்கு வந்த பள்ளி

பிள்ளைக்கு ஏற்றபடி பாடத்தை மாற்றியவர்களின் உண்மைக் கதை ஒன்று உண்டு.

மகாராஷ்டிரத்தில் கடலோரமாக போர்டி என்று ஒரு கிராமம். 1945இல் தாராபாய் மோடக் என்ற பெண் அங்கே வந்தார். சிறு பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அவரோடு அனுதாய் வாக் என்ற பெண்ணும் சேர்ந்தார். அனுதாய்க்குச் சிறு வயதிலேயே திருமணம் நடந்தது. சில மாதங்களிலேயே கணவர் இறந்துவிட்டார். அதன் பிறகு அவர் படித்து ஆசிரியர் ஆனார்.

பள்ளி தொடங்கியாயிற்று. ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைகள் வரவில்லை. ஏன் வரவில்லை? பெற்றோர் வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளையைக் கொண்டு வந்து விட ஆள் இல்லை. பெரிய பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாராபாய் பெற்றோரைக் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் வராவிட்டால் நாம் போவோம் என்றார். ஆசிரியர்கள் அந்தக் குடியிருப்புகளுக்கே போனார்கள். வீட்டு முற்றத்திலும் மரத்தடியிலும் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். குளிப்பாட்டினார்கள். பாடினார்கள். விளையாடினார்கள். சொல்லிக் கொடுத்தார்கள்.

விலை உயர்ந்த பொம்மைகள் அங்கே இல்லை. கூழாங்கல், கிளிஞ்சல், இலை, குச்சி, விதை இவைதான் பாடப் பொருள்கள்.

பிறகு அவர்கள் பக்கத்தில் உள்ள கோஸ்பாட் குன்றுக்குப் போனார்கள். அங்கே வார்லி என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் பகலில் மாடு மேய்த்தார்கள். மாட்டை விட்டுவிட்டு எப்படிப் பள்ளிக்கு வர முடியும்? ஆசிரியர்கள் மேய்ச்சல் நிலத்துக்கே போனார்கள். மாடு ஒரு பக்கம் மேய்ந்தது. பாடம் ஒரு பக்கம் நடந்தது. அதற்கு மேய்ச்சல் வெளிப் பள்ளி என்று பெயர் வந்தது.

முற்றத்தில் நடந்த பள்ளியை அங்கன்வாடி என்று அழைத்தார்கள். ஆங்கன் என்றால் முற்றம். இந்தப் பெயர் உங்களுக்குத் தெரியும். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் இந்திய அரசு குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. அந்த மையங்களுக்கும் இதே பெயர் வந்தது. இன்று நாடு முழுவதும் ஊருக்கு ஊர் அங்கன்வாடி இருக்கிறது. தாராபாய் மோடக் 1973இல் காலமானார்.

மாடு மேய்க்கும் பிள்ளைக்கு மேய்ச்சல் நிலமே பள்ளி ஆனது. அப்படியானால் நம் வீட்டு அடுப்படியும் வாசலும் ஏன் பள்ளி ஆகக் கூடாது?

மணி பார்க்க வேண்டாம், வேலையைப் பாருங்கள்

சிறு பிள்ளைக்கு மணிக் கணக்குப் புரியாது. ஆனால் எதற்குப் பிறகு எது என்பது நன்றாகப் புரியும். எழுந்த பிறகு பல் தேய்ப்பது. குளித்த பிறகு சாப்பாடு. விளக்கு வைத்த பிறகு கதை. இந்த வரிசை தினமும் ஒன்றாக இருந்தால் பிள்ளைக்கு மனத்தில் பயம் இருக்காது. அடுத்து என்ன என்று அதற்கே தெரியும்.

வீட்டு வேலையோடு பாடத்தைச் சேர்த்து விடுங்கள். உங்களுக்குத் தனி நேரம் தேட வேண்டாம். ஒரு நாள் இப்படி இருக்கலாம்.

காலையில் எழுந்ததும்: "நேற்று என்ன கனவு கண்டாய்?" "இன்று என்ன கிழமை?" என்று கேளுங்கள். பிள்ளை முழு வாக்கியமாகப் பேசட்டும். குறுக்கே திருத்தாதீர்கள்.

சமைக்கும்போது: வெங்காயத்தை எண்ணட்டும். பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம் பிரிக்கட்டும். எத்தனை டம்ளர் அரிசிக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் என்று கேளுங்கள். அடுப்புக்கும் அரிவாள்மனைக்கும் தள்ளி உட்கார வையுங்கள்.

குளிக்கும்போது: தலை, கழுத்து, முழங்கால், கணுக்கால் என்று உடம்பின் பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள். எந்தக் கிண்ணம் மிதக்கிறது, எது மூழ்குகிறது என்று பார்க்கட்டும்.

பகலில்: அங்கன்வாடிக்கு அனுப்புங்கள். வீட்டில் இருந்தால் பாட்டியோடு பல்லாங்குழி ஆடட்டும். புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவிக்கட்டும். மூன்று வயது ஆகாத பிள்ளை பக்கத்தில் இருந்தால் கொட்டைகளைக் கீழே விடாதீர்கள். வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும்.

மாலையில்: ஓடி விளையாடட்டும். பாண்டிக் கட்டத்தில் எண் எழுதி ஆடலாம். ஒன்றிலிருந்து எட்டு வரை காலாலேயே கற்றுக்கொள்ளும்.

கடைக்குப் போகும்போது: போர்டைக் காட்டுங்கள். நீங்களும் எழுத்துக் கூட்டிப் படியுங்கள். சோப்பு உறையில் பிள்ளையின் பெயரில் உள்ள எழுத்து இருக்கிறதா என்று தேடட்டும்.

படுக்கும் முன்: ஒரு கதை. உங்களுக்குத் தெரிந்த கதை போதும். காக்கா நரிக் கதை, உங்கள் ஊர்க் கதை, உங்கள் சின்ன வயதுக் கதை. "அப்புறம் என்ன ஆச்சு?" என்று பிள்ளையைக் கேளுங்கள். பிள்ளை கதையை மாற்றினால் மாற்றட்டும்.

இவற்றில் எல்லாம் தினமும் செய்ய வேண்டியதில்லை. முதலில் ஒன்றைத் தொடங்குங்கள். அது பழகியதும் இன்னொன்றைச் சேருங்கள்.

எழுத்து எப்போது?

மூன்று, நாலு வயதில் மண்ணில் விரலால் கோடு இழுக்கட்டும். கோலமாவில் வட்டம் போடட்டும். சுவரில் கரித்துண்டால் படம் வரையட்டும். சுவர் அழுக்காகும் என்றால் ஒரு மூலையை மட்டும் அதற்கு விட்டுவிடுங்கள்.

ஐந்து வயதில் பிள்ளையின் பெயரைப் பெரிதாக எழுதிக் காட்டுங்கள். தன் பெயரின் மேல் பிள்ளைக்கு ஆசை உண்டு. முதலில் அந்த எழுத்துகள். பிறகு அம்மா, பாட்டி, ஆடு, பூ. 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பித்த பிறகுதான் சொல் என்று இல்லை. சொல்லும் எழுத்தும் சேர்ந்தே வரலாம்.

ஆறு, ஏழு, எட்டு வயதில் தினமும் ஒரு பக்கம் சேர்ந்து படியுங்கள். ஒரு வரி பிள்ளை, ஒரு வரி நீங்கள். நீங்கள் தடுமாறினால் வெட்கப்பட வேண்டாம். தடுமாறினாலும் படிக்கலாம் என்று பிள்ளை உங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்.

வீட்டில் பேசும் மொழியிலேயே தொடங்குங்கள். வேலைக்காக வேறு மாநிலத்தில் இருக்கிறீர்களா? பள்ளி மொழி வேறாக இருக்கலாம். அந்த மொழியைப் பிள்ளை பள்ளியிலும் தெருவிலும் கற்றுக்கொள்ளும். நீங்கள் உங்கள் மொழியில் கதை சொல்வதை நிறுத்த வேண்டாம். ஒரு மொழியில் புரிந்தது இன்னொரு மொழிக்கும் உதவும்.

எப்போது மாற்ற வேண்டும்?

இன்று ஒத்து வந்தது ஆறு மாதம் கழித்து ஒத்து வராது. பிள்ளை வளர்கிறது. பகல் தூக்கம் குறைகிறது. பள்ளி தொடங்குகிறது. வீட்டில் புதுக் குழந்தை பிறக்கிறது. அப்போதெல்லாம் நேரத்தையும் மாற்ற வேண்டும்.

இந்த அடையாளங்களைப் பாருங்கள்.

கண்ணைக் கசக்குகிறதா? தூக்கம் வந்துவிட்டது. நிறுத்துங்கள்.

அடிக்கடி எழுந்து ஓடுகிறதா? பாடம் நீண்டுவிட்டது. பாதியாகக் குறையுங்கள். அல்லது ஓடிக்கொண்டே செய்யும் விளையாட்டாக மாற்றுங்கள்.

சிலேட்டைப் பார்த்ததும் அழுகிறதா? சில நாள் சிலேட்டை எடுத்து வையுங்கள். கதையும் பாட்டும் மட்டும் போதும்.

சட்டென்று செய்து முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்கிறதா? பாடம் எளிதாகிவிட்டது. ஒரு படி கூட்டுங்கள்.

காய்ச்சல் நாளிலும் நடவு நாளிலும் ஊருக்குப் போகும் நாளிலும் எல்லாம் நடக்காது. அன்று ஒரு கதை போதும். ஒரு கதையாவது சொன்னால் பழக்கம் விடாது.

இரண்டு வயதுப் பிள்ளையும் ஏழு வயதுப் பிள்ளையும் ஒரே வீட்டில் இருந்தால் ஒரே பாடம் வேண்டாம். கதை இருவருக்கும் பொது. எழுத்து மூத்ததற்கு மட்டும். அப்போது இளையதுக்கு ஒரு தட்டும் கொஞ்சம் மாவும் கொடுங்கள். தனக்கும் வேலை இருக்கிறது என்று அது நினைக்கும். மூத்த பிள்ளை இளையதற்குக் கதை சொல்லட்டும். ஆனால் பெண் பிள்ளை என்பதற்காகத் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலையே நாள் முழுவதும் அவளுக்கு வரக் கூடாது. அவளுடைய படிப்பு நேரத்தைக் காப்பாற்றிக் கொடுங்கள்.

அடியும் செல்போனும்

பள்ளியில் பிள்ளையை அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆசிரியர் செய்யக் கூடாததை நாமும் செய்ய வேண்டாம். பயந்த பிள்ளை ஒப்பிக்கும். ஆனால் கேள்வி கேட்காது. கேள்வி கேட்காத பிள்ளை எப்படிக் கற்கும்? கோபம் வந்தால் பாடத்தை மூடி வையுங்கள். நீங்கள் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். பாடத்தை நாளைக்குப் பார்க்கலாம்.

இன்னொன்று செல்போன். வேலை நடக்க வேண்டுமே என்று பிள்ளை கையில் கொடுத்துவிடுகிறோம். இரண்டு வயது ஆகாத பிள்ளைக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது. இதுவும் உலக சுகாதார நிறுவனம் சொன்னதுதான். செல்போன் பேசும். ஆனால் பிள்ளை சொல்வதைக் கேட்டு அதற்கு ஏற்ற பதிலை நாம்தான் சொல்ல முடியும்.

பள்ளியை விட்டுவிட வேண்டாம்

வீட்டுப் பாடம் பள்ளிக்குத் துணை. 6 வயது முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் கட்டணமில்லாத கல்வி பெற உரிமை இருக்கிறது. இந்தச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது. பாதி ஆண்டில் ஊர் மாறி வந்தாலும் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கலாம். ஆறு வயதுக்கு முன் அங்கன்வாடி இருக்கிறது. அங்கே சத்துணவும் விளையாட்டும் தடுப்பூசிக்கு உதவியும் கிடைக்கும்.

சில குடும்பங்கள் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கின்றன. அவர்கள் நாள் முழுவதும் பிள்ளையோடு இருக்கிறார்கள். புத்தகமும் பொருளும் வாங்குகிறார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் 14 வயதுக்குப் பிறகு தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறார்கள். வேலைக்குப் போகும் நமக்கு அது எளிதல்ல. நமக்குப் பள்ளியும் வேண்டும், வீடும் வேண்டும்.

நேரத்தை எப்படி மாற்றினாலும் பிள்ளை ஒட்டவில்லையா? கூப்பிட்டால் திரும்பவில்லையா? மூன்று வயது ஆகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லையா? காதிலோ கண்ணிலோ குறை இருக்கலாம். பிள்ளை மேல் தப்பு இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். 2013 முதல் நடக்கும் ஒரு திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். எப்போது வருவார்கள் என்று அங்கன்வாடிப் பணியாளரிடம் கேளுங்கள்.

நாளை முதல்

நாளை முதல் ஒரு வாரம் உங்கள் பிள்ளையைக் கவனியுங்கள். எப்போது சிரிக்கிறது? எப்போது சோர்கிறது? எதை எடுத்தால் கீழே வைக்க மாட்டேன் என்கிறது? ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரண்டு சொல் எழுதினாலும் போதும். வாரக் கடைசியில் அந்தத் தாளைப் படித்துப் பாருங்கள். உங்கள் பிள்ளைக்கு ஏற்ற பாடவேளை அதில் இருக்கும்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் பிள்ளை அல்லது பேரப்பிள்ளை எந்த நேரத்தில் சுறுசுறுப்பாக இருக்கிறது?

2. உங்கள் வீட்டில் எந்த வேலையோடு எண்ணிக்கையைச் சேர்க்கலாம்?

3. போர்டியில் பிள்ளைகள் பள்ளிக்கு வராததற்குக் காரணம் என்ன? உங்கள் ஊரில் பள்ளிக்கு வராத பிள்ளைகள் இருக்கிறார்களா? ஏன் வரவில்லை?

4. உங்களுக்குத் தெரிந்த கதை ஒன்றை இன்று இரவு பிள்ளைக்குச் சொல்லுங்கள். பிள்ளை என்ன கேள்வி கேட்டது? அடுத்த வகுப்பில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.